தென்னையை வெட்டி திராட்சை போடலாமா?

போன மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் நாலு வரியில் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. தோவாளை வட்டாரத்து வாசகர் ஒருவர் எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். இரண்டு ஏக்கர் தென்னை விளை, கிணற்றுப் பாசனம். மகன் இங்கிலாந்தில் கென்ட் என்ற பகுதியில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். லீவு நாளில் பக்கத்தில் ஒரு பண்ணையைப் பார்க்கப் போயிருக்கிறார். பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலத்தில் திராட்சை போட்டு, அங்கேயே ஒயின் ஆலை வைத்து, வாசலிலேயே கடை போட்டு விற்கிறார்களாம். ஒரு பாட்டில் நம்ம ஊர்க் காசுக்கு இரண்டாயிரம், மூவாயிரம். "அப்பா, வெயிலே இல்லாத ஊர்ல இவங்க பண்றாங்க. நம்ம விளையில ஏன் முடியாது? பணம் நான் அனுப்புதேன்" என்று மகன் போனில் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் கேள்வி இரண்டு. எழுபது தென்னையை வெட்டிவிட்டு ஒரு ஏக்கரில் திராட்சை போடலாமா? ஆலை வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி இருந்தது. "சார், மரத்தை வெட்ட வேண்டாம் என்று நீங்களாவது எழுதுங்கள்." வீட்டம்மா எழுதியதாகத்தான் இருக்கும்.

மகனைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அப்பாவின் நிலம் நினைப்பில் இருப்பதே பெரிய விஷயம். ஆனால் நம் மாவட்டத்தில் முப்பது வருஷமாக இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டு வருகிறேன். வனிலாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2003, 2004 வாக்கில் பச்சை வனிலா கிலோ ஆயிரங்களில் போனது. மலையோரத்தில் கமுகும் ரப்பரும் நின்ற இடத்தில் வனிலாக் கொடி ஏறியது. கொடியை மீட்டர் கணக்கில் விற்றவர்கள் சம்பாதித்தார்கள். காய்க்கத் தொடங்கிய நேரம் மடகாஸ்கரில் விளைச்சல் திரும்ப நிமிர்ந்தது, விலை தரையில் விழுந்தது. குற்றம் வனிலாக் கொடியின் மேல் இல்லை. வாங்குகிறவன் எங்கோ உட்கார்ந்திருந்தான், அவன் முகம் நம் ஆட்களுக்குத் தெரியாது.

அதனால் முதலில் அந்த இங்கிலாந்துக் குடும்பம் என்ன செய்தது என்று பார்ப்போம். மகன் பார்த்தது எந்தப் பண்ணை என்று கடிதத்தில் இல்லை. ஆனால் அதே கென்ட் பகுதியில் பிடென்டன் என்ற ஊரில் நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. பார்ன்ஸ் குடும்பத்தாருடையது. அவர்கள் ஆப்பிள் விவசாயிகள். ஆப்பிள் வியாபாரம் சரிந்துகொண்டிருந்த காலத்தில் வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். வீட்டம்மா வானொலியில், இங்கிலாந்தில் மறுபடி திராட்சை போடுவது பற்றிய நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டதில் தொடங்கியது என்று அவர்களே சொல்கிறார்கள். 1969-இல் கொடி நட்டார்கள். எவ்வளவு இடத்தில் தெரியுமா? ஒரு ஏக்கருக்கும் குறைவான இடத்தில். ஆப்பிள் மரங்களைப் பிடுங்கி எறிந்துவிடவும் இல்லை. ஆப்பிளைப் பிழிந்து சைடர் என்ற பானமாக்கி இன்றும் விற்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

மகன் பார்த்த கடை, ஆலை, பாட்டில் எல்லாம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறவை. அதற்கு முன்னால் போன வருஷங்களை ஒரு நாள் சுற்றுலாவில் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் கொடி நட்டால் முதல் அறுவடை மூன்றாம் வருஷம். அங்கே பெயர் வாங்கியிருப்பது நுரை பொங்கும் ஒயின். அதைப் பாட்டிலில் அடைத்த பிறகும் ஒன்றரை, இரண்டு, மூன்று வருஷம் நிலவறையில் படுக்கவைக்கிறார்கள். ஆக, கொடி நட்ட நாளிலிருந்து முதல் பாட்டில் காசாக ஐந்து முதல் ஏழு வருஷம். அதுவரை சாப்பாட்டுக்கும் கூலிக்கும் ஆலைக்கும் வேறு இடத்திலிருந்து பணம் வர வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் தளிர் வந்த பிறகு ஒரு ராத்திரி உறைபனி இறங்கினால் அந்த வருஷத்துக் காய் போய்விடும். அதற்குப் பயந்து வரிசைக்கு வரிசை மெழுகு டப்பாக்களைக் கொளுத்தி வைத்து விடியும்வரை விழித்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரே அறுவடை. ஏக்கருக்கு இரண்டு, மூன்று டன் கிடைத்தாலே நல்ல மகசூல்.

'வெயிலே இல்லாத ஊர்' என்றாரே தம்பி, விஷயமே அதில்தான் இருக்கிறது. திராட்சை மெதுவாகப் பழுத்தால் புளிப்பு குறையாமல் நிற்கும். நுரை ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். தெற்கு இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறை மண் நிறைய இருக்கிறது. பிரான்சில் ஷாம்பெயின் எடுக்கும் வட்டாரத்திலும் அதே வகை மண். பூமி சூடாவதால், முன்பு பழுக்காமல் நின்ற ரகங்கள் இப்போது அங்கே பழுக்கின்றன. ஷார்டனே, பினோ நுவார் போன்ற ஷாம்பெயின் ரகங்களை நம்பி 1988-இல் மேற்கு சசெக்ஸில் நைட்டிம்பர் என்ற பண்ணையில் நட்டார்கள். அந்த ஒயின் பரிசுகள் வாங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது. இன்று அந்த நாட்டில் 4,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை நிற்கிறது. நம் வெயிலில் சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு சீக்கிரம் இறங்கும். அவர்களுடைய குளிர் அவர்களுக்கு மூலதனம். அதைப் பணம் அனுப்பி இங்கே வாங்க முடியாது.

நமக்குப் பக்கத்தில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்குதான். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோது ஒரு முறை, வேலைக்கு வந்தபின் விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போயிருக்கிறேன். ஆரல்வாய்மொழி தாண்டி, திருநெல்வேலி, தென்காசி, ராஜபாளையம் சுற்றி தேனிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலுக்குக் கீழே நுழைந்ததும் எல்லாருக்கும் முழிப்பு வந்துவிடும். தலைக்கு மேல் கறுப்புக் கொத்துகள், கீழே குளுகுளுவென்று நிழல். எங்களோடு வந்த ராஜாக்கமங்கலத்து அண்ணாச்சி ஒருவர், "கல்யாணப் பந்தல் மாதிரில்லா இருக்கு" என்றார்.

அங்கே இருப்பது பன்னீர் திராட்சை. புத்தகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் மட்டி வாழைக்குக் கிடைத்த அதே வருஷம். முல்லைப் பெரியாறு தண்ணீர், மேற்கே மலை, அளவான மழை, பெரிய அளவில் ஏறி இறங்காத வெப்பம். குளிர் நாட்டில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். நம் நாட்டில் அதற்குத் தூக்கம் கிடையாது, கத்தரிக்கோல்தான் எழுப்ப வேண்டும். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்றரை, நாலு மாதத்தில் அறுவடை. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மேயில் ஒரு காய்ப்பு. மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்று. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதம் கவாத்து செய்வதால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். நன்றாகப் பார்த்தால் ஹெக்டேருக்கு வருஷம் 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன்.

கென்ட்காரர் மூன்று டன், கம்பத்துக்காரர் பன்னிரண்டு டன். அப்படியானால் யார் பணக்காரர்? இந்தக் கேள்வியை எங்கள் பயணத்தில் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டோம். சிரித்தார். "பழுத்த அன்னைக்கு நான் வித்தாகணும் சார். நாளைக்குன்னா மழை வரும், கொத்து வெடிக்கும். அது வியாபாரிக்கும் தெரியும்" என்றார். விலை ஒரு மாதம் போல இன்னொரு மாதம் இல்லை. இருபது ரூபாய்க்குக் கொடுத்த அதே பழத்தை அடுத்த காய்ப்பில் அறுபதுக்கும் கொடுத்திருக்கிறார். எதை வைத்து விலை வைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பந்தல் போட்ட கல் தூண், கம்பி, மருந்துச் செலவு, கவாத்துக் கூலி எல்லாம் அவருடையது. அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் வாராவாரம் கதவைத் தட்டும். தெளிக்காமல் தப்பித்தவர் இல்லை.

(இடையில் ஒரு விஷயம். நாம் ரப்பருக்கும் மிளகுக்கும் கமுகுக்கும் அடிக்கிற போர்டோ கலவை திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. பிரான்சில் போர்டோ வட்டாரத்தில் ரோட்டோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களைப் பயமுறுத்த மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கவனித்து, 1885 வாக்கில் மில்லார்டே என்ற பேராசிரியர் மருந்தாக அறிவித்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் திராட்சை இல்லாவிட்டாலும் திராட்சையின் மருந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது.)

கம்பம் பழத்தில் ஒயின் வராதா? வரும். தேனி மாவட்டத்திலேயே ஒயின் ஆலை வந்தது. ஆனால் பன்னீர் திராட்சை அடிப்படையில் சாப்பிடுகிற பழம். ஒயின் ஆகும் கணக்கைச் சொல்கிறேன். பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று, ஏறக்குறைய பாதியைச் சாராயமாக்கும். சாற்றில் நூற்றுக்கு 18 பங்கு சர்க்கரை இருந்தால் ஒயினில் 10 சதவீதம் வரும். 22 இருந்தால் 12 சதவீதம். அதனால் ஒயின் ரகங்களில் காயைக் குறைத்து, சிறு பழமாக, தோல் தடிப்பாக, சர்க்கரை ஏறும்வரை கொடியில் நிறுத்துவார்கள். தின்கிற பழத்துக்கு எடை வேண்டும், பெரிய மணி வேண்டும். இரண்டும் எதிரெதிர் வழி. ஏக்கருக்குப் பன்னிரண்டு டன் எடுத்துப் பழகியவரிடம் நாலு டன்னோடு நிறுத்து என்றால், நாலு டன்னுக்கு மூன்று மடங்கு விலை தருவதாக எழுத்தில் யாராவது கொடுக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு ஒன்றேகால் கிலோ பழம் போதும். பாட்டில் விலையில் பழத்தின் பங்கு எவ்வளவு சின்னது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மீதி எல்லாம் ஆலை, பாட்டில், வரி, வியாபாரம், காத்திருந்த வருஷங்கள்.

இதை இந்தியாவில் பெரிதாகச் செய்து காட்டியது நாசிக். தொண்ணூறுகளில் ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் கம்பெனி வேலையை விட்டு, நாசிக்கில் குடும்ப நிலத்துக்கு வந்தார். மா, தேக்கு, தின்கிற திராட்சை என்று முதலில் பார்த்தார். அப்புறம்தான் ஒயின் ரகங்களை நட்டு, 2000-இல் சுலா என்ற பெயரில் ஒயினை வெளியிட்டார். கலிபோர்னியாவிலிருந்து ஒயின் நிபுணரை அழைத்து வந்திருந்தார். 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தலுக்கென்று தனிக் கொள்கை போட்டு வரிச் சலுகை கொடுத்தது, வின்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. தோட்டத்துக்கே ஆள் வந்து, ருசி பார்த்து, பாட்டில் வாங்கிப் போகும் ஏற்பாடும் வளர்ந்தது. 2022-இல் சுலா பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

இந்தப் பாதியை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். மறுபாதியும் இருக்கிறது. சுலாவைப் பார்த்து நாசிக், சாங்லி பக்கம் விவசாயிகள் பலர் கடன் வாங்கி ஒயின் ரகம் நட்டார்கள், சிறு சிறு ஆலைகளும் வைத்தார்கள். 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, அதே வருஷக் கடைசியில் மும்பைத் தாக்குதல். ஓட்டல்களில் ஆள் இல்லை, ஒயின் தேங்கியது. ஆலைகள் பழம் எடுப்பதைக் குறைத்தன. ஒயின் பழத்தை மார்க்கெட்டில் கொண்டுபோய் யாருக்கு விற்பது? மணி சின்னது, கொட்டை பெரிது, பிள்ளைகள் தின்னாது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பலர் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி தின்கிற திராட்சைக்குத் திரும்பினார்கள். வாங்குகிறவர் ஒருவரே என்று ஆன பிறகு, அவர் கதவைச் சாத்தினால் விவசாயி ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டுக்கு அதுதான் வரம். திராட்சைக்கு அதுவே சாபம். பூவில் மழை பட்டால் பிஞ்சு நிற்காது, பழுக்கையில் மழை பட்டால் பழம் வெடிக்கும், இலை ஈரமாகவே இருந்தால் அடிச்சாம்பல் விடாது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மேற்கு வட்டங்களை விட மழை குறைவு என்பது சரி. ஆனால் அங்கே காற்றாலை எதற்கு வந்தது என்று யோசியுங்கள். ஆடி மாதக் காற்றில் வாழைக்கே மூன்று முட்டு கொடுக்கிற ஊர். இளந்தளிரும் பூங்கொத்தும் பந்தலில் எப்படி நிற்கும்? வீட்டுக் கிணற்றடியில் நாலு கொடி காய்க்கும், நானே பார்த்திருக்கிறேன். வீட்டுத் தேவைக்குக் காய்ப்பது வேறு, ஒரு ஏக்கரில் கடன் கட்டும் அளவுக்குக் காய்ப்பது வேறு.

அடுத்தது சட்டம். ஆலைக்கு அனுமதி கேட்டால் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்குத்தான் போக வேண்டும். வேளாண்மைத் துறையோ தோட்டக்கலைத் துறையோ அதைக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மொத்த வியாபாரம் 1983-இலிருந்து டாஸ்மாக் கையில், சில்லறைக் கடைகள் 2003-இலிருந்து அதே கையில். அனுமதி வாங்கி, முதல் போட்டு ஆலை கட்டினாலும், கென்ட் குடும்பம் போல உங்கள் விளை வாசலில் மேசை போட்டு ஒரு பாட்டில் விற்க முடியாது. கம்பத்துக்காரர் வியாபாரியிடம் நிற்பது போல நீங்கள் டாஸ்மாக்கிடம் நிற்பீர்கள். மகன் அங்கே பார்த்ததில் முக்கியமானது அந்த வாசல் கடை. இங்கே இல்லாததும் அதுதான். கிறிஸ்துமஸுக்குப் பரணியில் திராட்சை போட்டு வைக்கிற வழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு என்று எனக்கும் தெரியும். அதை விற்பனைக்குக் கொண்டுவர நினைத்தால் வம்பு வீடு தேடி வரும்.

சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று சில விவசாயிகள் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை, ஆனால் தெருவுக்குத் தெரு பிராந்திக்கடை என்றால் பனையேறிக்குக் கோபம் வரத்தான் செய்யும். எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை இருக்கிறது. கேரள அரசு 2022-இல் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சிறு ஆலைகளுக்கென்று விதி வகுத்தது. கோவாவில் கொல்லாம்பழத்தில் ஃபெனி எடுக்கிறார்கள், 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நாம் கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் அழுகவிடுகிறோம். ஆனால் குடியால் நிலத்தை இழந்த வீடுகளைச் சிட்டா அடங்கலோடு சேர்த்துப் பார்த்தவன் நான். விதவை உதவித்தொகைக்குக் கையெழுத்து வாங்க வருகிற பெண்களின் வயதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இதில் எனக்கு இரண்டு மனசு. அந்த விவாதத்தை அரசாங்கமும் மக்களும் நடத்தட்டும். அது முடியும்வரை ஒருவர் தன் தென்னையை வெட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

கடிதம் எழுதியவரின் விளைக்குப் போனேன். தென்னை எல்லாம் நாற்பது வயதுக்கு மேல். வடகிழக்கு மூலையில் பதினொரு மரங்களில் ஓலை கீற்றுகள் விலா எலும்பு போல உள்வாங்கி வளைந்திருந்தன, கேரள வேர் வாடல் நோயின் அடையாளம். மற்ற மரங்களில் சுருள் வெள்ளை ஈ, ஓலையில் கறுப்புப் பூசணம். அவருக்குத் தென்னை சலித்துப்போனதன் காரணம் திராட்சை இல்லை, இதுதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது. வீட்டம்மா மோர் கொண்டுவந்தார்கள். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காய் விற்ற கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். பதினாறு வருஷக் கணக்கு. எந்த மாதம், எத்தனை காய், யாருக்கு, என்ன விலை, வெட்டுக்கூலி எவ்வளவு என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார்கள். மோசமான வருஷத்திலும் அந்த விளை வீட்டுச் செலவையும் மூத்த மகள் படிப்பையும் தாங்கியிருக்கிறது. மகன் லண்டன் போன டிக்கெட்டும் அதில்தான் இருக்கிறது, 'கடன்' என்று எழுதி, அப்புறம் அடித்து 'அடைஞ்சு' என்று எழுதியிருந்தது.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு நான் அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

நோய் கண்ட பதினொரு மரத்தில் வருஷத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரங்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதிக்குத் தொழுவுரமும் தக்கைப்பூண்டும் பரிந்துரைத்த உரமும் கொடுத்தால் காய்ப்பைத் தக்கவைக்கலாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் படும்படி விசையோடு தண்ணீர் பீய்ச்சுங்கள், கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், ஒட்டுண்ணிக் குளவிகள் செத்துவிடும். நாற்பது வயதுத் தோப்பில் நிழல் பாதிதான் விழும். ஊடே மட்டி, செந்துளுவன் வாழையும், மரத்தில் மிளகும் ஏற்றலாம். மார்த்தாண்டத்தில் நூறு வருஷத்துக்கு முன் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிவைத்த தேனீ வளர்ப்பு இன்றும் நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தருகிறது. தென்னந்தோப்பில் பத்துப் பெட்டி வைக்க மரம் வெட்ட வேண்டியதில்லை.

வாசல் கடை ஆசை மகனுக்கு நியாயமானது. அதை விடச் சொல்லவில்லை. அவர் அனுப்ப நினைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு சின்ன செக்கும் கொப்பரை உலர்த்தியும் வைக்கலாம். எண்ணெய், தேன், மட்டிப்பழம் மூன்றும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, வீட்டுப் பெயரில் விற்க யாரும் தடுக்க மாட்டார்கள். நாகர்கோவில்-திருநெல்வேலி நாற்கரச் சாலையில் போகிற வண்டிகள் அவர்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. கருப்பட்டிக்கு ஆசைப்பட்டால் தன் பனையில் இறக்கிய அக்கானியைத் தன் கண் முன்னால் காய்ச்சியதாக இருக்கட்டும். சீனி கலந்த கருப்பட்டி விற்கிற ஊரில் கலக்காத ஒன்றுக்கு விலையை நாமே சொல்லலாம். பிடென்டன் குடும்பம் ஒரு ஏக்கருக்குள் தொடங்கியது போல இதையும் சின்னதாகத் தொடங்கி இரண்டு வருஷம் பாருங்கள். கணக்கு எழுத அம்மா இருக்கிறார்கள்.

திராட்சை ஆசையும் தீரட்டும். மரம் எடுத்த இடத்தில், தண்ணீர் தேங்காத மேட்டில் நாலு கொடி நடுங்கள். ஒரு வருஷம் முற்றிய கொடியில், நாலு கணு உள்ள குச்சியாக வேர்விட வைத்தது போதும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் குழி எடுத்து மக்கிய உரம் போட்டு நடுங்கள். ஒற்றைத் தண்டாகப் பந்தல் உயரம்வரை ஏற்றி, அங்கே நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளை விடுங்கள். நம் ஊருக்கு டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு செய்கிற கவாத்துதான் பொருத்தம். அப்போதுதான் பழம் ஏப்ரல் வெயிலில் பழுக்கும். ஒரு சதவீத போர்டோ கலவைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். நாலு கொடிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கலக்கினால் போதும். தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள், பிளாஸ்டிக் வாளியில். அரிவாளைக் கரைசலில் நனைத்துப் பாருங்கள், செம்புக் கறை படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

பன்னீர் திராட்சைக் குச்சி வேண்டுமென்றால் தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். மகன் அடுத்த லீவில் வரும்போது கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு.